வேஷமும் கணக்கும்: மேசையிலிருந்து திரைக்குப் போன பழக்கங்கள்

1

செல்போனில் ஆடுகிற பையன்களின் பேச்சில் சில சொற்கள் திரும்பத் திரும்ப வரும். ‘லெவல் ஏறிட்டேன்’, ‘எக்ஸ்பி பத்தலை’, ‘ஹெல்த் கம்மியா இருக்கு, பின்னாடி வா’. கூரத்திலும் உத்திரமேரூர்ப் பக்கத்துக் கிராமங்களிலும் இன்று இது அன்றாடப் பேச்சு. 2020 செப்டம்பரில் பப்ஜி தடைசெய்யப்பட்டது. 2022 பிப்ரவரியில் ஃப்ரீ ஃபயர் தடைசெய்யப்பட்டது. ஆட்டங்கள் வேறு பெயரில், வேறு பதிப்பில் வந்து சேர்ந்தன. சொற்கள் மாறவில்லை. துப்பாக்கி ஆட்டம், கால்பந்து ஆட்டம், மிட்டாய் உடைக்கும் ஆட்டம் என்று எதை எடுத்தாலும் ஆள் ஒரு எண்ணாக இருக்கிறார், உயிர் ஒரு எண்ணாக இருக்கிறது, வளர்ச்சி ஒரு ஏணியாக இருக்கிறது.

விளையாட்டு குறித்துத் தமிழில் எழுதப்படுபவை பெரும்பாலும் இரண்டு தடங்களில் போகின்றன. ஒன்று, பாவாணர் காலத்திலிருந்து தொடரும் தொகுப்பு வேலை: பல்லாங்குழி, தாயம், சடுகுடு என்று தொலைந்துபோன சொத்துக்குப் பட்டியல் போடுவது. மற்றது, செல்போன் பிள்ளைகளைக் கெடுக்கிறது என்கிற ஒழுக்கக் கவலை. ஆட்டத்தை ஒரு பிரதியாக வாசிக்கிற வேலை இரண்டிலும் இல்லை. ஓர் ஆட்டம் தன்னை ஆடுபவரை எப்படிப்பட்ட தன்னிலையாகக் கட்டமைக்கிறது? யாரோடு பேசவைக்கிறது, எங்கே வாயடைக்கிறது? மேலே சொன்ன சொற்களின் பிறப்பிடத்துக்குப் போனால் இந்தக் கேள்விகளுக்கு ஓரளவு பதில் கிடைக்கிறது. அந்தப் பிறப்பிடம் கணினி இல்லை. ஒரு மேசை, காகிதம், பென்சில், பகடை.

2

1974இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் லேக் ஜெனீவா என்னும் சிற்றூரிலிருந்து ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற ஆட்டம் வெளிவந்தது. ஆக்கியவர்கள் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன். மூன்று சிறு கையேடுகள், முதல் அச்சு ஆயிரம் பிரதி. நம்மூர்ச் சிறுபத்திரிகை அடிக்கிற எண்ணிக்கைதான்.

அதற்கு முன்னோடி போர் ஆட்டங்கள். பிரஷ்ய ராணுவத்தில் 1824இல் ரைஸ்விட்ஸ் செம்மைப்படுத்திய ‘கிரீக்ஸ்பீல்’ ஆட்டத்திலேயே வரைபடம், பகடை, நடுவர் மூன்றும் உண்டு. அங்கே ஓர் ஆட்டக்காரர் ஒரு படையையே நகர்த்துவார். 1974 ஆட்டம் செய்த காரியம், படையை ஓர் ஆளாகச் சுருக்கியதுதான். நீ ஒரு படையின் தளபதி இல்லை, ஒரே ஒரு வீரன். அல்லது ஒரு மந்திரவாதி. அல்லது ஒரு பூசாரி. மேசைக்கு எதிரே நடுவர் உட்கார்ந்து, ‘முன்னால் ஒரு கதவு இருக்கிறது, என்ன செய்கிறாய்?’ என்று கேட்பார். நீ சொல்ல வேண்டும். கதவை உடைக்கலாம், தட்டலாம், உட்கார்ந்து ஒட்டுக்கேட்கலாம், வீட்டுக்குப் போகிறேன் என்றும் சொல்லலாம். வெற்றி தோல்வி இல்லை. அடுத்த வாரம் தொடரும்.

பிரெஞ்சுச் சிந்தனையாளர் ரோஜே கைவா, 1958இல் எழுதிய நூலில் விளையாட்டுகளைப் போட்டி, அதிர்ஷ்டம், பாவனை, கிறுகிறுப்பு என நான்காகப் பிரித்தார். ஓர் ஆட்டம் விதியால் நடக்கும், அல்லது பாவனையால் நடக்கும், இரண்டாலும் நடக்காது என்பது அவர் கருத்து. பதினாறு ஆண்டுகள் கழித்து வந்த இந்த ஆட்டம் அந்த எதிர்வைக் கலைத்துப்போட்டது. விதிப்புத்தகமும் வேண்டும், வேஷமும் வேண்டும்.

இந்த மேசையில் உருவான பழக்கங்கள் ஐந்து. ஆளை எண்களாகத் தாளில் எழுதுவது: வலிமை, அறிவு, ஞானம், உடலுறுதி, லாவகம், வசீகரம் ஆறுக்கும் மூன்று பகடைகளை உருட்டி எண் போடுவார்கள். உயிரை ஓர் எண்ணாக வைப்பது: அடி விழ விழ அது குறையும், பூச்சியமானால் சாவு. வளர்ச்சியைப் படிகளாக வைப்பது: கொன்றதற்கும் கொண்டுவந்த தங்கத்துக்கும் ‘அனுபவப் புள்ளி’, புள்ளி சேர்ந்தால் அடுத்த படி. குழுவுக்குள் வேலையைப் பிரிப்பது: அடிக்கிறவர், மந்திரம் போடுகிறவர், காயம் ஆற்றுகிறவர். ஐந்தாவது பேச்சு. விதியில் இல்லாத ஒன்றை நீ செய்ய விரும்பினால் நடுவரிடம் வாதாடலாம். கூட இருப்பவர்களும் சேர்ந்து கத்தலாம். நடுவர் மனம் மாறலாம். விதி மேசையின் மேல் திறந்துகிடக்கிறது.

3

ஐந்தில் நான்கு பழக்கங்கள் வேகமாகப் பயணம் போயின. எழுபதுகளின் நடுவிலேயே இல்லினாய் பல்கலைக்கழகத்தின் பிளேட்டோ கணினியில் மாணவர்கள் இந்த ஆட்டத்தைப் போலச்செய்து நிரல் எழுதினார்கள். 1980இல் ‘ரோக்’, 1981இல் ‘விசார்ட்ரி’, ‘அல்டிமா’. அவற்றைப் பார்த்து யூஜி ஹோரி ஜப்பானில் ‘டிராகன் குவெஸ்ட்’ (1986) செய்தார். அதுவரை எல்லாம் வாளும் மந்திரமும். 2007இல் ‘கால் ஆஃப் டூட்டி’யின் நான்காம் ஆட்டம் அனுபவப் புள்ளியையும் படிகளையும் துப்பாக்கி ஆட்டத்துக்குள் கொண்டுவந்து பரவலாக்கியது. அங்கிருந்து செல்போனுக்கு வர அதிக நாளாகவில்லை. மேசையையே பார்த்திராத ஒரு தலைமுறை மேசையின் பழக்கங்களோடு வளர்ந்தது.

ஐந்தாவது பழக்கம், பேச்சு, வழியிலேயே விழுந்துவிட்டது. காரணம் எளிது. இயந்திரத்துக்குக் கணக்கு தெரியும். ‘கதவோடு சண்டை போடாமல் அதன் கீலைக் கழற்றுகிறேன்’ என்று ஒருத்தர் சொன்னால் அதை எடைபோடத் தெரியாது. நிரலில் இருப்பதைத்தான் செய்ய முடியும். மேசையில் விதியும் நடுவரும் இரண்டு. இயந்திரத்தில் விதியே நடுவர். விதி கண்ணுக்கும் தெரியாது.

ஏன், இப்போது ஆடும்போதே மைக்கில் பேசிக்கொள்கிறார்களே என்று கேட்கலாம். பேசுகிறார்கள், தங்களுக்குள். ஆட்டத்தோடு பேச முடியாது. கணினியைத் தாண்டியும் மேசைப் பழக்கம் திரும்பி வருகிற இடங்கள் உண்டு. ‘ஜிடிஏ 5’ ஆட்டத்தை மாற்றியமைத்து, ஆளுக்கு ஒரு வேஷம் ஏற்று, போலீஸ், மெக்கானிக், டாக்டர் என்று மணிக்கணக்காக வாழும் சர்வர்கள் தமிழிலும் நடக்கின்றன. அங்கே சண்டை வந்தால் நடத்துகிறவரிடம் முறையிடலாம். மனிதர்கள் பேச்சை எப்படியாவது திரும்ப உள்ளே கொண்டுவந்துவிடுகிறார்கள் என்பதற்கு அது சாட்சி. இப்போது பேசும் இயந்திரங்களையும் நடுவராக உட்காரவைக்கிறார்கள். ‘இது நியாயமா?’ என்று கேட்டால் அதுவும் பதில் சொல்லும். அந்தப் பதிலுக்குப் பொறுப்பேற்க எதிரே ஆள் இல்லை.

ஏணியை மட்டும் குறை சொல்லி முடித்துவிட முடியாது. 1978இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் டிரப்ஷாவும் ரிச்சர்ட் பார்ட்டிலும் ‘மட்’ என்ற பல்லாள் ஆட்டத்தைத் தொடங்கினார்கள். பிறப்பால் மேல் கீழ் பார்க்கிற பிரிட்டிஷ் சமூகத்துக்கு எதிரான ஓர் அரசியல் கூற்றாகவே அதில் படிகளை வைத்ததாகப் பார்ட்டில் பின்னால் சொல்லியிருக்கிறார். யார் வீட்டுப் பிள்ளையாக இருந்தாலும் ஆடிய அளவுக்கு ஏறலாம். எளிய குடும்பத்திலிருந்து படித்து மேலே வந்தவர்களுக்கு அந்த ஏணி என்ன பொருள் தரும் என்பதை இங்கே விளக்க வேண்டியதில்லை. அதே ஏணியில் இன்று காசு கொடுத்தால் படி தாண்டலாம், ‘பாஸ்’ வாங்கலாம். பழக்கம் அப்படியே இருக்க, அதன் அரசியல் தலைகீழாகிவிடும் என்பதற்கு இது போதும்.

4

எண்களோடு இன்னொன்றும் போனது. 1974 கையேட்டில் மனிதரோடு குள்ளர், எல்ஃப், ஹாபிட் ஆகிய பிறவிகளும் உண்டு. குள்ளர் போர்வீரராக ஆறாம் படிவரைதான் ஏற முடியும். ஹாபிட் நான்காம் படிவரை. மனிதருக்கு அந்த வரம்பு இல்லை. எவ்வளவு நன்றாக ஆடினாலும் பிறவி உன்னைப் பிடித்து நிறுத்தும். 1978 விதிநூலில் பெண் பாத்திரத்தின் வலிமைக்கு ஆணைவிடக் குறைந்த மேல்வரம்பு எழுதப்பட்டது. 1989இல் வந்த இரண்டாம் பதிப்பில்தான் அது போனது. 1981இன் தொடக்கநிலைத் தொகுப்பு இன்னும் ஒரு படி போனது: அதில் மனிதர் வீரராகலாம், பூசாரியாகலாம், திருடராகலாம். குள்ளருக்குக் குள்ளராக இருப்பதே தொழில். எல்ஃபுக்கு எல்ஃபாக இருப்பதே தொழில்.

பிறப்பே தொழில் என்கிற இந்த ஏற்பாட்டுக்கு நம்மிடம் பெயர் இருக்கிறது. அமெரிக்க இளைஞர்கள் மனுதர்மம் படித்துவிட்டு எழுதினார்கள் என்று சொல்ல வரவில்லை. ஆளை எண்ணாக்கி, எண்ணைப் பிறவியோடு கட்டினால் எந்த ஊரிலும் வருணம் முளைக்கும் என்பதே விஷயம். ஆங்கிலத்தில் தொழிலைக் குறிக்க அவர்கள் வைத்த சொல்லைத் தமிழில் ‘வகுப்பு’ என்றுதான் பெயர்க்க வேண்டும். வகுப்புவாரி உரிமைக்காக நூறு வருஷம் வாதாடிய நம் காதில் அந்தச் சொல் ஒன்றுமறியாத சொல்லாக விழாது. பள்ளிக்கூட வகுப்பும் சாதி வகுப்பும் ஒரே சொல்லில் உட்கார்ந்திருப்பது தமிழின் குறை இல்லை, அது தமிழுக்குத் தெரிந்த உண்மை.

அவர்களும் இதைப் பேசாமல் இல்லை. பிறவியோடு கட்டிய எண்களை மாற்றிக்கொள்ள 2020இல் விதி வந்தது. ‘இனம்’ என்ற சொல்லையே கைவிடுவதாக 2022 டிசம்பரில் அறிவித்தார்கள். 2024 விதிநூலில் அந்த எண்கள் பிறவியிலிருந்து கழற்றப்பட்டு, பாத்திரம் வளர்ந்த பின்னணியோடு சேர்க்கப்பட்டன. ஐம்பது வருஷம் ஆயிற்று. மேசையில் ஆடியவர்கள் மேசையில் வாதாடிப் பெற்ற திருத்தம் இது. கருப்பின ஆட்டக்காரர்களும் பெண்களும் எதிரே ஓர் ஆள் இருந்ததால் கேட்க முடிந்தது. இடைப்பட்ட காலத்தில் அந்தப் பழைய பழக்கத்தை நிரலாக எடுத்துக்கொண்டுபோன ஆட்டங்களில் யாரிடம் கேட்பது?

5

பகடை நடுநிலையானது என்ற நம்பிக்கை இங்கே எல்லாவற்றையும் மூடிவிடுகிறது. பகடை யார் முகத்தையும் பார்க்காது என்பது உண்மைதான். அது உருள்வதற்கு முன்பே தாள் எழுதியாகிவிட்டது.

எங்கள் பக்கத்தில் இதற்கு ஆயிரம் வருஷத்துக்கு மேற்பட்ட சாட்சி இருக்கிறது. உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள், 919, 921 ஆண்டுகளுக்குரியவை. முப்பது குடும்புகள். ஒவ்வொன்றிலும் தகுதியுள்ளவர் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, விவரமறியாத ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கவைப்பார்கள். முப்பது பேரில் பன்னிரண்டு பேர் சம்வத்சர வாரியம், பன்னிரண்டு பேர் தோட்ட வாரியம், ஆறு பேர் ஏரி வாரியம். குழந்தையின் கையைவிட நேர்மையான பகடை உண்டா? ஜனநாயகத்தின் தொட்டில் என்று நாம் மேடையில் முழங்குவது இதைத்தான்.

ஓலை குடத்துக்குள் விழ என்ன வேண்டும் என்றும் அதே கல்வெட்டு சொல்கிறது. கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம். சொந்த மனையில் வீடு. முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள் வயது. வேதக் கல்வி. ஒரு வேதமும் ஒரு பாஷியமும் சொல்லத் தெரிந்தவருக்கு அரைக்கால் வேலி போதும். ஒரு எண் குறைந்தால் இன்னொரு எண்ணால் ஈடுகட்டலாம் என்கிற கணக்கு, 1974 மேசையில் உட்கார்ந்தவர்களுக்கு உடனே புரிந்திருக்கும். ஏரியைத் தோண்டியவருக்கும் வயலில் நாற்று நட்டவளுக்கும் எந்த எண்ணும் இல்லை. அவர்கள் பெயருக்கு ஓலையே கிடையாது. குடத்துக்குள் கைவிட்ட பிள்ளை எவ்வளவு நேர்மையாக எடுத்தாலும் உள்ளே இல்லாத பெயர் கையில் வராது.

இரண்டுக்கும் வரலாற்றுத் தொடர்பு இல்லை. ஒப்புமைதான். அதிர்ஷ்டத்தை முன்னால் நிறுத்தித் தகுதியைப் பின்னால் மறைக்கும் உத்தி பழையது என்பதற்காகச் சொல்கிறேன்.

6

வேஷம் கட்டுவதற்கு எண்ணில்லாத வழியும் எங்கள் பக்கத்தில் உண்டு. கூரத்தில் கிடைத்த பல்லவர் செப்பேடு, ஏழாம் நூற்றாண்டில் முதலாம் பரமேசுவரவர்மன் கொடுத்தது, பரமேசுவரமங்கலம் என்ற ஊரை இருபத்தைந்து பங்காகப் பிரிக்கிறது. இருபது பங்கு இருபது வேதியருக்கு. மூன்று பங்கு கோயில் பூசைக்கும் பழுதுபார்ப்புக்கும். ஒரு பங்கு மண்டபத்துக்குத் தண்ணீரும் நெருப்பும் கொடுப்பதற்கு. மிச்சம் ஒரு பங்கு அந்த மண்டபத்தில் பாரதம் வாசிப்பதற்கு. பாரதம் அங்கே வாசிப்பு: ஒருத்தர் சொல்ல மற்றவர் கேட்பது. அதே பாரதம் திரௌபதியம்மன் திருவிழாக்களில் பகலில் பிரசங்கமாகவும் இரவில் கூத்தாகவும் நடக்கிறது. கடைசி நாள் படுகளத்தில், மண்ணால் செய்து படுக்கவைத்த துரியோதனன் மேல் வேஷக்காரர்கள் ஏறி நிற்கிறார்கள். மண்டபத்திலிருந்து தெருவுக்கு வந்தபோது பாரதத்துக்குள் பேச்சு நுழைந்தது.

கூத்தில் ஒரு வேஷம் திரைக்குப் பின்னால் நின்று பாடிக்கொண்டு வரும். கட்டியக்காரன் மறித்து, நீர் யார், எந்த தேசம் என்று கேட்பான். ராஜா பதில் சொல்லியே ஆக வேண்டும். பாட்டு எழுதியது. வசனம் பெரும்பாலும் அன்றைக்கு வாயில் வருவது. கட்டியக்காரன் ராஜாவைக் கிண்டல் பண்ணுவான், உள்ளூர்ப் பஞ்சாயத்தை இழுப்பான், சனங்கள் பக்கம் திரும்பி நியாயம் கேட்பான். மேசையின் எதிரே உட்கார்ந்த நடுவரை நினைவூட்டுகிறவன், ஆனால் அதிகாரத்தின் பக்கம் உட்காராதவன்.

‘பகடை துகில்’ கூத்து இங்கேதான் முக்கியமாகிறது. சகுனியின் பகடையில் நாடு போகிறது, தம்பிகள் போகிறார்கள், தருமன் தன்னையே வைத்துத் தோற்கிறான், பிறகு அவளை வைக்கிறான். சபைக்கு இழுக்க வந்தவனிடம் திரௌபதி ஒரு கேள்வி கேட்டு அனுப்புகிறாள்: அவர் முதலில் தோற்றது தன்னையா, என்னையா? தன்னைத் தோற்றவனுக்கு என்னை வைக்க ஏது உரிமை? சபையில் பெரியவராக, கிட்டத்தட்ட நடுவராக இருக்கும் பீஷ்மர் தர்மம் நுட்பமானது, சொல்ல முடியவில்லை என்கிறார். விகர்ணன் ஒருத்தன் அவள் பக்கம் பேசுகிறான்.

பந்தயமாக வைக்கப்பட்ட பொருள் எழுந்து நின்று ஆட்டத்தின் விதியைக் கேள்வி கேட்ட கணம் அது. உன்னிடம் எத்தனை உயிர்ப்புள்ளி இருக்கிறது, எத்தனையாவது படி என்பதெல்லாம் அந்தக் கேள்விக்குப் பொருட்டே இல்லை. கேள்விக்கு ஒரு சபை வேண்டும், பதில் சொல்லத் திணறுகிற ஒரு பீஷ்மராவது வேண்டும். பதில் கிடைக்காவிட்டாலும் திணறலை ஊர் பார்க்கிறது. ஒவ்வொரு கூத்திலும் திரும்பத் திரும்பப் பார்க்கிறது. மேசை ஆட்டத்தின் ஐந்தாவது பழக்கம் என்று நான் சொன்னது இதைத்தான்.

கூத்தைப் புனிதமாக்கவும் வேண்டியதில்லை. அதே திரௌபதியம்மன் கோயில் வாசலில், விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில், தலித்துகள் உள்ளே வரக்கூடாது என்று தடுக்கப்பட்டு, 2023 ஜூனில் கோயிலுக்கே சீல் வைக்க வேண்டிவந்தது. வேஷத்தில் யாரும் தருமனாகலாம், வேஷம் கலைத்தால் வாசலில் நிற்க வேண்டும் என்றால் அதுவும் பிறவிப் படிவரம்புதான். திரௌபதியின் கேள்வியை அவள் கோயில் வாசலிலேயே கேட்க வேண்டியிருக்கிறது.

7

இவ்வளவும் ஆட்டத்தோடு நின்றுபோகிற விஷயமாக இருந்தால் இவ்வளவு எழுத வேண்டியதில்லை. பழக்கம் இப்போது வேலைக்குள் வந்துவிட்டது. உணவு கொண்டுபோய்க் கொடுக்கிற செயலிகளில் வண்டி ஓட்டும் பையனுக்கு நட்சத்திரம், இலக்கு, படிநிலை, படியைத் தொட்டால் ஊக்கத்தொகை. விதி எப்போது மாறியது என்று தெரியாது. எண் குறைந்தால் ‘ஐடி பிளாக்’. ஏன் என்று கேட்க எதிரே ஆள் இல்லை, செயலிதான் இருக்கிறது. இளவயதிலேயே லெவல் கணக்குக்குப் பழகிய கை இங்கே எளிதாகப் பொருந்திவிடுகிறது. செல்போன் ஆட்டத்தால்தான் சுரண்டல் வந்தது என்று இதற்குப் பொருள் சொல்லிவிடக்கூடாது. சுரண்டல் தனக்கு ஏற்ற வடிவத்தை ஆட்டத்திலிருந்து எடுத்துக்கொண்டது.

இதே மாவட்டத்தில், சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலையில், 2024 செப்டம்பரில் தொழிலாளர்கள் வேலையை நிறுத்திவிட்டு ஒரு மாதத்துக்கும் மேலாக உட்கார்ந்தார்கள். சம்பளமும் கேட்டார்கள். முதல் கோரிக்கை சங்கத்தை அங்கீகரிப்பது, அதாவது எங்களோடு மேசையில் உட்கார்ந்து பேசு என்பது. 2025 ஜனவரியில் சங்கம் பதிவானது. எண்ணாக இருக்க மறுத்து எதிரே ஓர் ஆளைக் கேட்டவர்களின் கதையாக இதை வாசிக்க முடியும்.

தமிழில் ஆட்டம் செய்ய இப்போது நிறையப் பேர் முயல்கிறார்கள். சோழர் வாளும் பல்லவர் கோட்டையும் வைத்து ஆட்டம் செய்தால் அது தமிழ் ஆட்டமாகிவிடும் என்று நம்புகிறார்கள். உள்ளே அதே தாள், அதே எண், அதே ஏணி இருந்தால் மேலே எந்த ராஜாவின் படம் ஒட்டினால் என்ன? ஆடுகிறவர் விதியை மறித்துக் கேட்க ஓர் இடம் அதற்குள் இருக்கிறதா, கட்டியக்காரனுக்கு அங்கே வேஷம் உண்டா என்பதை முதலில் பார்க்க வேண்டும். எழுதுகிற நண்பர்கள் நாலு பேர் ஒரு மேசையைப் போட்டு, காகிதமும் தாயக்கட்டையும் வைத்துக்கொண்டு ஆடிப் பார்த்துவிட்டு இதை விவாதிக்கலாம். செலவு அதிகம் ஆகாது.